ஸரூபின் சொன்ன பதில்

குடிசை ஜன்னல் வழியே காலை வெயில் மேஜையிலிருக்கும் வரைபடத்தின் மேல் சாய்ந்து விழுகிறது. ஜெனரல் யெவ்ஸ்தாஃபி லூகிச் ஸரூபின் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறார். சாதாரணச் சிப்பாயின் மகனாகப் பிறந்து, துருக்கியரிடமும் ஜப்பானியரிடமும் குண்டடி பட்டு, ஜார் மன்னரின் படையில் படிப்படியாக ஏறிப் பிடித்த பதவி இது. ஆற்றின் அக்கரையிலிருக்கும் ஜெர்மானியரைத் தாக்க நேற்று கரைச் சதுப்பில் இறங்கிய அவருடைய ஆட்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. இன்று மறுபடி இறங்கச் சொல்கிறார் தலைமைத் தளபதி. "முடியாதுங்க, பிரபு. பாலம் போட்டுக் குடுங்க, போறோம். சேத்துல இறக்கிச் சாகடிக்க மாட்டேன்." எதிர்முனைக் குரல் உயர்கிறது, அவரைப் பதவியிலிருந்து நீக்குகிறது. ஸரூபினின் நரைமீசை துடிக்கிறது, ஆனால் பேச்சில் நடுக்கமில்லை. "சரிங்க. படையை பெஹ்ரென்ஸ்கிட்ட ஒப்படைச்சிட்டுக் கிளம்புறேன்." பக்கத்தில் நிற்கும் கர்னல் பெஹ்ரென்ஸுக்கு முகம் வெளுக்கிறது. "என்கிட்டயா? நான் தளபதிகிட்ட என்ன சொல்றது, யெவ்ஸ்தாஃபி லூகிச்?" "அது உங்க பாடு, தம்பி." ஸரூபின் தொப்பியை மாட்டிக்கொள்கிறார். வெளியே சிப்பாய்கள் கஞ்சிக் கொப்பரையைச் சுற்றி நிற்கிறார்கள். எவனோ சொன்னதற்கு எல்லாரும் சிரிக்கிறார்கள். தொலைபேசி மணி மறுபடி அடிக்கிறது. பெஹ்ரென்ஸ் அதையே வெறித்துப் பார்க்கிறார், உதட்டை நனைத்துக்கொள்கிறார், எடுக்கிறார். "கர்னல் பெஹ்ரென்ஸ் பேசுறேன். ஆமாங்க, கேட்டுச்சு." ஜன்னல் வழியே கொப்பரையைச் சுற்றி நிற்பவர்களைப் பார்க்கிறார். "நானும் அனுப்ப மாட்டேங்க." வாசலுக்கு வெளியே ஒரு காலை வைத்த ஸரூபின் அப்படியே நிற்கிறார்.