எழுப்புகிற வேலை

தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் விடியுமுன் தப்படித்து, ஆட்களை எழுப்பி வேலைக்கு விரட்டுகிற உத்தியோகத்தைச் சில்வெஸ்டர் அன்றோடு விட்டுவிட்டார்.

“இத்தன வருசமா எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்குனது போதும். இனியாச்சும் விடியுமட்டும் தூங்குங்க” என்றாள் மனைவி லூசியா.

மறுநாளும் இருட்டோடு லயத்து வாசலில் அதே அடி கேட்டது. பாலாமணி கதவைப் படாரென்று திறந்தாள்.

“வேலைய விட்டும் எங்களத் தூங்க விடமாட்டீங்களாண்ணே?”

சில்வெஸ்டர் சிரித்தபடி, சைக்கிளின் பின்னால் தான் தட்டிக்கொண்டிருந்த தகரப்பெட்டியைத் திறந்தார். இரத்தோட்டை பேக்கரியின் பாண் ரொட்டிகளிலிருந்து ஆவி பறந்தது. பிள்ளைகள் ஓடிவந்து மொய்த்துக்கொண்டன.

“போன வருசம் தட்டுப்பாட்டுல இந்தப் பாணுக்குக் கியூவுல நின்னோம். இப்ப வாசலுக்கே வருதா?” பாலாமணி ஒன்றை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு இன்னுங் கொஞ்சம் வெள்ளனவே வந்து எழுப்புங்கண்ணே.”