எனக்கும் அதே

இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோளில் துண்டோடு நின்ற சப்ளையரும்.

"சொல்லுட்டி" என்றாள் செண்பகம்.

அவள் சுவரைப் பார்த்தாள்.

அதில் பலகாரங்களின் பெயர்கள் மேலிருந்து கீழே எழுதப்பட்டிருந்தன. படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். எல்லாமே நல்ல பலகாரமாகத்தான் தெரிந்தது.

காலையில் பாளையங்கோட்டையில் கார் கிளம்பும்போதே எஸ்தர் சட்டம் போட்டுவிட்டாள். கார் அவளுடையது, ஓட்டுவதும் அவள். வேறு யார் சட்டம் போட முடியும்?

நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் ஒருத்தி சொல்ல வேண்டும். அவள் சொல்வதைத்தான் மற்ற இரண்டு பேரும் தின்ன வேண்டும்.

"எனக்கும் அதேன்னு மட்டும் ஒருத்தியும் சொல்லப்படாது."

சொல்லிவிட்டு எஸ்தர் கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்தாள்.

பின் சீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

கல்லூரி விடுதியிலிருந்தே மூன்று பேரும் சிநேகிதிகள். மெஸ்ஸிலும் அவள் அப்படித்தான். முன்னால் நிற்பவள் தட்டைப் பார்த்துத் தன் தட்டை நீட்டுவாள்.

"எத்தனை வருசமா கேக்கேன். உனக்கு என்னதாம்ட்டி பிடிக்கும்?" என்றாள் செண்பகம்.

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

சிரிப்புக்குத்தான் சொன்னாள்.

சொன்ன பிறகு, உண்மைதானோ என்று இருந்தது.

வழியில் எஸ்தர் பதநீர் சொன்னாள். ஓலைப் பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்கள். உடன்குடியில் செண்பகம் கருப்பட்டி மிட்டாய் சொன்னாள். விரலெல்லாம் பிசுபிசுத்தது.

நடுவில் தேரியில் இறங்கினார்கள். கண்ணுக்கெட்டியவரை சிவப்பு மணல்.

கடல் இத்தனை பக்கத்தில் இருக்க, இந்த மணல் மட்டும் ஏன் சிவந்து கிடக்கிறது? காற்றடித்தால் இந்த மேடு எங்கே போய் உட்காரும்? அந்த ஒற்றைப் பனை பாதி புதைந்து நிற்கிறதே, இன்னும் வளருமா? கேட்டுக்கொண்டே அவள் நடந்தாள். அவளுக்குப் பதில் சொல்லச் சொல்ல எஸ்தருக்கு மூச்சு வாங்கியது.

அவள் குனிந்து ஒரு சிட்டிகை மணல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்னட்டி, உறைக்குதா?" என்றாள் செண்பகம்.

உறைக்கவில்லை. லேசாகத் துவர்த்தது.

இப்போது திருச்செந்தூர். சாயங்கால டிபன். அவள் முறை.

"என்னம்மா கொண்டு வரட்டும்?" சப்ளையர் அடுத்த மேஜையைப் பார்த்தபடியே கேட்டார்.

வாய் தானாகத் திறந்தது.

"ரவா தோசை. நல்லா முறுகலா. வெங்காயம் இல்லாம."

"மூணு பேருக்குமா?"

"ஆமா."

சப்ளையர் போய்விட்டார். இவ்வளவுதானா என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

செண்பகம் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"என்ன தேடுத?" என்றாள் எஸ்தர்.

"இவ வீட்டு அண்ணாச்சியத்தான். வந்திருக்காருல்லா. எங்க உக்காந்திருக்காருன்னு பாக்கேன்."

எஸ்தர் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுத் துப்பட்டாவால் தூசி தட்டினாள். "அண்ணாச்சிக்கு ஒரு தண்ணி வைங்க!"

அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அவள் கணவர் வீட்டில்தான் இருந்தார். அவள் வைத்துவிட்டு வந்த புளிக்குழம்பை இந்நேரம் சுட வைத்துக்கொண்டிருப்பார். ஓட்டலுக்குப் போனால் அவர் வாய் திறப்பதில்லை. பேப்பர் பார்ப்பார். அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவள்தான் சப்ளையரிடம் சொல்வாள். ரவா தோசை. நல்ல முறுகலாக. வெங்காயம் அவருக்கு ஆகாது.

பிறகு, தனக்கும் சொல்லிக்கொள்வாள். இரண்டே சொல்.

சிரிப்பு நின்றது.

எத்தனையோ தடவை அந்தத் தோசையைத் தின்றிருக்கிறாள்.

பிடித்துத் தின்றாளா?

வருத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தேரி மணலைக் கையில் எடுத்தபோது இருந்ததே ஒரு குறுகுறுப்பு, அதுதான் வந்தது.

எழுந்தாள்.

"ஏட்டி, எங்க போற? நாங்க சும்மா கேலிக்குல்லா சொன்னோம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சமையற்கட்டு வாசலில் அனல் அடித்தது. மாஸ்டர் கரண்டியால் மாவை விசிறிக்கொண்டிருந்தார். கல் முழுக்க வலை வலையாக வெந்துகொண்டிருந்தது.

"அம்மா, உள்ள வரப்படாது."

"மாஸ்டர், அதுல வெங்காயம் போடணும்."

"இல்லாமன்னுல்லா சொன்னான்?"

"அது அவுகளுக்கு."

மாஸ்டர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"மாவு விட்டாச்சே" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, மேல தூவுதேன்."

பொடியாக நறுக்கி வைத்திருந்ததில் ஒரு கை அள்ளித் தூவினார். கல் சீறியது.

"போதுமா?"

அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லை எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு கை போடுங்க" என்றாள். "பாப்போம்."