பெயர் மாற்ற ஒரு மனு

"பிச்சைக்காரன்னு பேர் வச்சிருக்கிறவனுக்கா என் பொண்ணைக் கொடுக்கிறது?"

ஹாஜி ஷௌக்கி கேட்டது தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஷஹ்ஹாத் தலையைக் குனிந்துகொண்டான். சோஹாக் ஊரில் கணக்கு வாத்தியார். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலை, வீடு, குணம் எதிலும் ஹாஜிக்குக் குறை தெரியவில்லை. பெயர்தான் இடித்தது. அரபியில் ஷஹ்ஹாத் என்றால் பிச்சைக்காரன்.

"நீ தங்கமான பையன்தான். ஆனா நாளைக்கு என் பேரன் அடையாள அட்டையில அப்பா பேரு என்ன இருக்கும்? ஷாதின்னு மாத்திக்க. மனுவுல நீ கையெழுத்துப் போட்டதும் நிக்காஹ்."

ஷஹ்ஹாத்துக்குப் பெயரை மாற்றவும் மனமில்லை, அவர் மகள் சப்ரீனை விடவும் மனமில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். கீரை நறுக்கும் கையை அவள் நிறுத்தவில்லை.

"உனக்கு முன்னாடி நாலு. ஒண்ணுகூட நாப்பது நாள் தாண்டல. நீ பொறந்ததும் ஏழு வீட்டு வாசல்ல கை நீட்டி, பழந்துணி வாங்கிட்டு வந்து உனக்குப் போட்டேன். பிச்சைக்காரப் புள்ளைமேல சாவுக்கு என்ன ஆசை வரப்போகுதுன்னு."

"அப்ப மாத்த வேணாங்கிறியாம்மா?"

"மாத்திக்கடா. அந்தப் பேரோட வேலை முடிஞ்சிருச்சு. நீதான் பொழைச்சிட்டியே."

சொல்லிவிட்டு, வெங்காயமே சேராத கீரைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிக்காஹ் நாள். ஹாஜியின் கூடம் நிறைய விருந்தாளிகள். ஷர்பத் சுற்றி வந்தது. ஹாஜி மனுவை மாப்பிள்ளை முன்னால் வைத்தார். மேலே பேனாவையும் வைத்தார்.

ஷஹ்ஹாத் பேனாவை எடுத்தான். கை ஓடவில்லை.

"அவரு மெதுவாப் போடட்டும்" என்றார் நிக்காஹ் எழுத வந்த ஷேக், பதிவேட்டை விரித்தபடி. "அதுக்குள்ள பொண்ணோட அப்பா விவரத்தை முடிச்சிடுவோம். அட்டையைக் கொடுங்க ஹாஜி."

"ஷௌக்கி பத்ரின்னு எழுதுங்க ஷேக். ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும். சர்க்காருக்குத் தெரிய வேணாமா? உங்க பேரு, அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அட்டையில உள்ள நாலும் வேணும்."

ஹாஜி சட்டைப் பையைத் தடவினார். ஒருவழியாக அட்டை வெளியே வந்தது. ஷேக் அதைக் கண்ணருகே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார்.

"எறும்பு மாதிரி எழுத்து. வாத்தியாரே, நீங்க வாசிங்க, நான் எழுதுறேன்."

"ஷௌக்கி... பத்ரி..."

ஷஹ்ஹாத் நின்றுவிட்டான். மூன்றாவது பெயர், ஷஹ்ஹாத்.

நிமிர்ந்தான். ஹாஜி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு வார்த்தை சத்தமாக வாசித்தால் போதும், கூடமே சிரிக்கும்.

"மேல சொல்லுங்க" என்றார் ஷேக்.

"எழுத்து தேஞ்சிருக்கு ஷேக். சரியாத் தெரியல. அப்புறமா மாமாகிட்ட தனியாக் கேட்டு எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு அட்டையைக் கவிழ்த்து ஹாஜியின் பக்கம் நகர்த்தினான்.

ஹாஜி அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு கையெழுத்தில்லாத மனுவை இழுத்து, நாலாக மடித்து, தன் பையில் திணித்துக்கொண்டார்.

"தேயல ஷேக். கட்டை விரலால மறைச்சு மறைச்சுத்தான் இத்தனை வருஷமா அட்டையை நீட்டுறேன். மூணாவது பேரு ஷஹ்ஹாத். எங்க தாத்தா. எழுதுங்க. மாப்பிள்ளை பேரையும் அப்படியே எழுதுங்க."

ஷேக்கின் பேனா அந்தரத்தில் நின்றது.

ஹாஜி மருமகனைப் பார்க்காமலே சொன்னார்: "அந்தப் பேரை வச்சு எங்க தாத்தாவை அன்னைக்குப் பொழைக்க வைக்கலைன்னா, கொடுக்கப் பொண்ணும் இல்ல, வீம்பு பேச நானும் இல்ல."