மெஷினுக்கு ரோஷம்

“அதுக்கு ரோசம் வந்துட்டு சார்” என்றான் லைனில் வேலை செய்யும் இசக்கிபாண்டி. “நீங்க மன்னிப்புக் கேட்டாத்தான் சரிப்பட்டு வரும்.”

சூப்பர்வைசர் முனிரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் மேனேஜரிடம்கூட மன்னிப்புக் கேட்காத மனிதர். போயும் போயும் ஒரு மெஷினிடமா?

சாதாரண மெஷின் இல்லை. ஒரகடத்தின் அந்தத் தொழிற்சாலைக்குப் போன மாதம் வந்திறங்கிய ஏஐ மெஷின். லைனில் வரும் வெள்ளை சார்ஜர் மூடிகளைக் கூண்டுக்குள் இருக்கும் கேமராவால் பார்த்து, நல்லது எது, சொத்தை எது என்று பிரித்துத் தள்ளும். தானே யோசிக்கும், தானே கற்றுக்கொள்ளும் என்று விற்றவர்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்கள்.

வினை ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தவர்களை இதனிடம் மட்டும் வரவிடாமல் தடுத்தவர் முனிரத்தினம்தான். “இதுக்கு இன்னா, உயிரா கீது? வெறும் தகர டப்பா. விட்டுட்டு வாங்கப்பா” என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

லீவு முடிந்து இன்று காலை லைன் ஓடத் தொடங்கியதிலிருந்து, உள்ளே போகிற ஒவ்வொரு மூடியையும் அது ரிஜெக்ட் செய்துகொண்டிருந்தது. திரையில் காரணமும் காட்டியது: சிவப்புக் கறை.

முனிரத்தினம் ஒரு மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுவி வைத்த பீங்கான் தட்டு மாதிரி பளிச்சென்றுதான் இருந்தது.

“புரோகிராம் எல்லாம் பக்காவா இருக்கு சார்” என்றாள் இன்ஜினியர் ஷாரோன், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். “ஏன் இப்படிச் சொல்லுதுன்னே புரியல.”

“இல்லாத கறைய இருக்குன்னு பொய் சொல்லுதுல்லா?” இசக்கிபாண்டி விடுவதாக இல்லை. “பொய் சொல்லணும்னா மனசு வேணும்லா மேடம்?”

ஷாரோன் புரோகிராமை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள்.

இரண்டு மணி லாரியில் சரக்கு ஏறாவிட்டால் லைன் மொத்தத்துக்கும் தீபாவளி லீவு ரத்து என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முனிரத்தினத்தின் மகளுக்கு இது தலைதீபாவளி. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கும்போது மாமனார் இங்கே மூடி பொறுக்கிக்கொண்டிருந்தால், வீட்டுக்காரி அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

மணி ஒன்றரை. முனிரத்தினம் தொப்பியைக் கழற்றினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெஷின் பக்கம் குனிந்தார்.

“இத பாரும்மா, ஏதோ வாய் தவறிச் சொல்ட்டேன். மனசுல வெச்சுக்காத. பொண்ணுக்குத் தலைதீபாவளி. கொஞ்சம் பார்த்துப் பண்ணு.”

லைன் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அடுத்த மூடி உள்ளே போனது.

சிவப்புக் கறை.

“வாய் வார்த்தைக்கெல்லாம் மசியாது சார். பேசாம கால்ல விழுந்துருங்க” என்றான் இசக்கிபாண்டி.

வேறு வழி தெரியவில்லை. முனிரத்தினம் அதற்குக் கால் எது என்று தேட ஆரம்பித்தார்.

அப்போது துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், தரை கூட்டும் கங்கா. முகம் அழுகிற பதத்தில் இருந்தது.

“சார், அது மேல தப்பில்ல சார். எல்லாம் என்னால வந்தது. நல்ல நாளும் அதுவுமா இது மட்டும் மூளியா நிக்குதேன்னு மனசு கேக்கல. நீங்க அந்தாண்ட போனதும் நான்தான் ஒரு பொட்டு வெச்சேன்.”

“பொட்டுதானே? வெச்சா வெச்சுட்டுப் போ. எங்க வெச்ச?”

கங்கா கூண்டுக்குள் கையைக் காட்டினாள்.

“நெத்தி எங்க கீதுன்னு தெரில சார், உள்ள கண்ணு ஒண்ணுதான் இருந்துச்சு, அது மேலயே வெச்சுட்டேன்!”