வாத்து அடைகாத்த தலை

கணவன் இறந்ததற்கு நிறுவனம் தந்த விடுப்பு, செல்வராணி சிரிக்கும்வரைதான். தினமும் காலையில் வீட்டுத் திரையில் அதே பழைய பண்ணைக் கார்ட்டூனைப் போட்டு, அதன் வழியாகவே அவள் முகத்தைக் கவனிப்பார்கள் நிறுவனத்தார். பன்றி சேற்றில் வழுக்கி விழும். சேவல் கோழிகளுக்குப் பிரசங்கம் செய்யும். அவள் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்று, வைக்கோலில் தூங்கும் பண்ணைக்காரரின் வழுக்கைத் தலையை முட்டையென்று நினைத்து வாத்து அதன்மேல் உட்கார்ந்தபோது, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மகிழ்ச்சி. நாளை வேலைக்கு வந்துவிடுங்கள்" என்றது திரை.

சமையலறையிலிருந்து நாத்தனார் மரகதம் எட்டிப் பார்த்தாள்.

"சிரிச்சீங்களா அண்ணி?"

"உங்கண்ணன் தலை மாதிரியே இருந்துச்சு, மரகதம்."

அதைச் சொன்னபோது செல்வராணிக்கு வெட்கமோ வருத்தமோ எதுவும் தோன்றவில்லை.

மரகதம் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை போடச் சொல்லுங்க. நானும் பாக்குறேன்."

செல்வராணி திரையிடம் கேட்டாள். சிரித்துவிட்டவர்களுக்கு அந்தப் படத்தை மறுபடி காட்டுவதில்லை என்று சொல்லிவிட்டுத் திரை அணைந்தது.

இருவரும் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு மதியத்துக்கு என்ன கட்டித் தரட்டும்?" என்று கேட்டாள் மரகதம்.