அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம்

திருவண்ணாமலைக்காரர்கள் மலையை மட்டும்தான் வலம் வருகிறார்கள் என்று ஒரு கருத்து நாடெங்கும் நிலவுகிறது. இது உடனே திருத்தப்பட வேண்டிய பிழை. நடுவில் ஏதாவது ஒன்று நின்றால் போதும், அவர்கள் எதையும் வலம் வருவார்கள்.

சென்னையிலிருந்து வந்த பொம்மைக் கம்பெனிக்கு இது தெரியாது.

'சிட்டு' பொம்மைக்கு ஐம்பது வயது ஆனதைக் கொண்டாட, அவர்கள் ஒரு நடமாடும் அருங்காட்சியகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பகுதியில் ஒரு ஹாலைப் பிடித்து, சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். வாசலுக்கு வலப்பக்கம் 1975-ஆம் வருடத்துச் சிட்டு, கையில் கரண்டியோடு. அப்புறம் தையல் மெஷின் சிட்டு, டீச்சர் சிட்டு, போலீஸ் சிட்டு, வக்கீல் சிட்டு. ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், வாசலுக்கு இடப்பக்கம் கடைசிப் பெட்டி. அதில் இந்த வருடத்துச் சிட்டு, விண்வெளி உடையில். வெளியே பேனர்: 'அடுப்படியிலிருந்து ஆகாயம் வரை.'

எல்லாம் சரி. ஹாலின் நடுவே ஒரு பீடம் போட்டு ஆறடி உயரச் சிட்டு ஒன்றை நிறுத்தினார்கள் பாருங்கள், அதுதான் வினை.

வேதா இந்தக் கண்காட்சியைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டுத்தான் கணவர் கலையரசனை அழைத்து வந்தாள். கூடவே வந்திருந்த மகள் கவியாவுக்குச் சென்னையில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டல் விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். நாளை கடைசி நாள்.

"பொம்பளப் புள்ளைக்கு ஏரோப்ளேன் எதுக்கு?" என்று கலையரசன் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் சொல்லிப் புரியாததை ஒரு பொம்மையாவது புரியவைக்கட்டும் என்பது வேதாவின் திட்டம்.

யாரும் சொல்லாமலேயே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

தரையில் ஒட்டியிருந்த அம்புக்குறி வலப்பக்கம் காட்டியது. கலையரசன் நடுவில் நின்ற சிட்டுவை அண்ணாந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொள்ள எழுந்த கையைப் பாதியில் நிறுத்தி மீசையைத் தடவினார். பிறகு இடப்பக்கம் திரும்பி நடந்தார்.

"அப்பா, அம்பு அந்தப் பக்கம் காட்டுது."

கம்பெனி மேலாளர் விமல்ராஜ் ஓடி வந்தார். "சார், இப்படி வாங்க. இங்கதான் ஆரம்பம்."

"சாருக்கு எந்த ஊரு?"

"சென்னைங்க."

"அதான் அப்பிரதட்சணமா சுத்தச் சொல்றீங்க."

விமல்ராஜ் சுற்றிலும் பார்த்தார். ஹாலில் இருந்த அத்தனை குடும்பமும் அதே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. நான்கு நாளாக இதே கதை. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வேதா வேகமாகக் கணவர் பின்னால் போனாள்.

"மொதல்ல ராக்கெட்ல போறா," என்றார் கலையரசன். "சின்ன வயசு, திமிரு."

அடுத்த பெட்டி. "வக்கீலாயிட்டா. ராக்கெட்டு சரிப்பட்டு வரல போல."

போலீஸ் சிட்டுவைப் பொறுத்துக்கொண்டார். டீச்சர் சிட்டுவிடம் வந்ததும் முகம் மலர்ந்தது. "இப்ப பாரு, அலைச்சல் கம்மி. புத்தி வருது." தையல் மெஷினைப் பார்த்து, "வீட்டோட வந்துட்டா!" என்றார்.

கரண்டிச் சிட்டுவின் முன்னால் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"வேதா, இத செஞ்சவன் சாதாரண ஆளு இல்ல. எவ்ளோ தூரம் பறந்தாலும் கடைசில எங்க வந்து நிக்கிறா பாரு. மூஞ்சில என்னா ஒரு நிம்மதி!"

"அப்பா, வருஷத்தப் படிங்க. தலைகீழா பாத்துட்டு வந்திருக்கீங்க."

"வருஷம் கெடக்குது. கருத்தப் பாருமா."

வாசலருகே மேஜையில் பார்வையாளர் பதிவேடு இருந்தது. நூலில் கட்டிய பேனாவை எடுத்து அவர் எழுதினார்: 'பெண் குலத்துக்கு நல்வழி காட்டும் கண்காட்சி. வாழ்த்துகள்.'

வேதா எட்டிப் பார்த்துப் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கும் இன்னைக்குத்தான் புத்தி வந்துதுங்க."

"பாத்தியா!" என்றார் மகளிடம்.

வேதா கைப்பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். பதினெட்டு வருடமாக அவளுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. கலையரசன், செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களை நம்பி இரண்டு முறை காபிக்கடை திறந்து, இரண்டு முறை மூடி, மூன்றாவதைப் பற்றி ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருப்பவர்.

"இது எதுக்கு?"

"நாளைக்கு ராஜினாமா குடுத்துடறேன். எத்தன வருஷம் ஃபைலத் தூக்கினு அலையறது? நானும் கடைசிப் பெட்டிக்கு வந்துடறேன். இனிமே வீட்டுச் செலவ நீங்க பாத்துக்கங்க, நான் கரண்டியப் பாத்துக்கறேன்."

கலையரசன் சிரித்தார். வேதா சிரிக்கவில்லை.

"சார்," என்றாள் விமல்ராஜிடம், "ராஜினாமா எழுதணும். ஒரு வெள்ளப் பேப்பர் கெடைக்குமா?"

விமல்ராஜ் எழுந்து, அவசரமாகப் பேப்பர் தேடினார்.

கலையரசன் தரையில் இருந்த அம்புக்குறியை அப்போதுதான் பார்ப்பவர்போல் வெகுநேரம் பார்த்தார்.

"கவியா, அந்த ஃபாரம் எங்க?"

அது அவள் பையில் தயாராக இருந்தது. பேனாவின் நூல் நீளம் போதவில்லை. மேஜைமேல் நன்றாகக் குனிந்துதான் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

போட்டுவிட்டு, அதே பேனாவால் பதிவேட்டில் தன் வாழ்த்தை அடித்தார். கீழே எழுதினார்: 'அம்புக்குறி மிகவும் சிறியதாக உள்ளது.'

மறுநாள் காலை விமல்ராஜ் மூன்று மடங்கு பெரிய அம்புக்குறி ஒன்றை ஒட்டினார்.