வர்றோமுங்க

கிறிஸ்துமஸ் முடிந்து குஜராத் போவதென்று முடிவானதிலிருந்து, பென்னாகரத்தில் அமல்தாசும் மனைவி ஆக்சிலியாவும் ராச்சாப்பாடு ஆனதும் சிந்து சமவெளி வீடியோதான் பார்த்தார்கள். அங்கே மண்ணைத் தோண்டி எடுத்த, நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊர். அதில் தெருக்கோடியிலிருந்த கடைசி வீடும் அதன் அடுப்பும் ஆக்சிலியாவுக்குப் பிடித்துப்போயின. அம்மா இறந்த பிறகு, விருந்தாளியாகப் போக அவளுக்கென்று ஒரு வீடு இல்லை.

வீடியோ முடியும்போதெல்லாம் போனைப் பார்த்துச் சொல்வாள்: "வர்றோமுங்க. அடுப்ப அணைச்சிராதீங்க."

அமல்தாஸ் சிரிப்பார். "யாருகிட்ட புள்ள சொல்ற?"

"சொல்லாமக் கொள்ளாம ஒரு வூட்டுக்குப் போறதுங்களா?"

அங்கே போய்ச் சேர்ந்த காலையில் வெயில் இன்னும் ஏறவில்லை. கடைசி வீட்டில் முழங்கால் உயரச் சுவர்தான் மிச்சம். தொட்ட கல்லெல்லாம் சில்லிட்டது. ஆக்சிலியா அடுப்புக் குழியருகே உட்கார்ந்து உள்ளே கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"என்ன புள்ள?"

அவர் கையையும் இழுத்து உள்ளே வைத்தாள். இப்போதுதான் சட்டியை இறக்கிய அடுப்பு மாதிரி கதகதவென்றிருந்தது.

"வர கொஞ்சம் லேட்டாயிருச்சுங்க" என்றாள் ஆக்சிலியா, அவரைப் பார்க்காமல்.

அமல்தாஸ் எழுந்துபோய், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்.